கராஜை அறையாக்கப் போகிறீர்களா? இங்கிலாந்தில் அனுமதி, கட்டட விதி, செலவு

"கராஜ்தானே, பெர்மிஷன் ஒன்றும் தேவையில்லை" என்று அநேகமாக எல்லா பில்டரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. மற்றப் பாதி தெரியாததால் வீட்டை விற்கப் போகும் நேரத்தில் சொலிசிட்டரிடம் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்கள் நம்மவரில் நிறையப் பேர். எங்கள் வீட்டுக் கராஜை அறையாக்கியபோது எந்தக் கடதாசியை யாரிடம் கேட்பது, எதை முதலில் செய்வது என்று ஒழுங்காகச் சொல்ல ஆளில்லாமல் அலைந்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்தில் வேலை தொடங்கும் முன்பே பில்டிங் வாரன்ட் என்ற கட்டட அனுமதி எடுக்க வேண்டும். வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் விதிகளும் கட்டணங்களும் வேறு.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பிளானிங் வேறு, பில்டிங் ரெகுலேஷன்ஸ் வேறு. வீடு வெளியே எப்படித் தெரிகிறது, அந்த இடம் எதற்குப் பயன்படுகிறது, கார் எங்கே நிற்கும் என்பதெல்லாம் பிளானிங் பார்ப்பது. உள்ளே படுப்பவருக்கு ஈரம், குளிர், தீ, மின்சாரம் எதனாலும் ஆபத்து வரக்கூடாது என்பது பில்டிங் ரெகுலேஷன்ஸ். ஒன்று தேவையில்லை என்பதால் மற்றதும் தேவையில்லை என்று ஆகாது. பிளானிங் தேவைப்படாத கராஜ்கள் ஏராளம். ஆனால் கராஜை ஆள் இருக்கும் அறையாக்கினால் பில்டிங் ரெகுலேஷன்ஸ் கட்டாயம்.

1. வீட்டின் பழைய கடதாசிகளைத் தோண்டி எடுங்கள்

பில்டரைக் கூப்பிட முன் செய்ய வேண்டிய வேலை இது. இரண்டு இடத்தில் தேட வேண்டும்.

முதலாவது, உங்கள் வீடு கட்டப்பட்டபோது கவுன்சில் கொடுத்த பிளானிங் முடிவுக் கடிதம். கவுன்சிலின் பிளானிங் இணையப் பக்கத்தில் உங்கள் முகவரியையோ எஸ்டேட்டின் பெயரையோ போட்டுத் தேடலாம். கிடைக்காவிட்டால் கவுன்சிலுக்கு எழுதிக் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் பின்பகுதியில் நிபந்தனைகள் இருக்கும். "கராஜ் வாகனம் நிறுத்துவதற்கு மட்டுமே பயன்பட வேண்டும்" என்ற மாதிரி ஒரு வரி இருந்தால், உள்ளே ஒரு செங்கல்லைக்கூட மாற்றாவிட்டாலும் அறையாக்க கவுன்சிலின் அனுமதி வேண்டும். 1980களுக்குப் பின் வந்த எஸ்டேட் வீடுகளில் இந்த வரி அடிக்கடி கண்ணில் படும். பில்டர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. "பக்கத்து வீட்டுக்காரரும் செய்திருக்கிறாரே" என்று நினைத்து இறங்காதீர்கள். அவர் அனுமதி எடுத்திருக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம்.

இரண்டாவது, வீட்டின் டைட்டில் ரெஜிஸ்டர், அதாவது வீடு யாருக்குச் சொந்தம் என்ற பதிவேடு. எச்.எம். லாண்ட் ரெஜிஸ்ட்ரியின் அரசாங்கத் தளத்தில் 7 பவுண்டுக்கு உடனே இறக்கலாம். அதே பெயரில் கூடுதல் பணம் கேட்கும் தனியார் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும், அவற்றில் விழாதீர்கள். ரெஜிஸ்டரில் "கவனன்ட்" எனப்படும் கட்டுப்பாடுகளை வாசியுங்கள். கராஜை வேறு பயனுக்கு மாற்றக்கூடாது என்றோ, வீட்டைக் கட்டிய நிறுவனத்தின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்றோ இருக்கலாம். கவுன்சில் இந்தக் கவனன்டைப் பற்றிக் கவலைப்படாது. பிளானிங் கிடைத்துவிட்டது என்பதால் கவனன்ட் இல்லாமல் போவதும் இல்லை. லீஸ்ஹோல்ட் (நீண்ட காலக் குத்தகை) வீடென்றால் ஃப்ரீஹோல்டரின், அதாவது நிலச் சொந்தக்காரரின், சம்மதம் எழுத்தில் வேண்டும்.

மோர்ட்கேஜ் இருந்தால் வங்கிக்கும், வீட்டு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் வேலை தொடங்க முன்பே அறிவியுங்கள். சொல்லாமல் விட்டு, நடுவில் தண்ணீரோ தீயோ ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கை விரித்துவிடக்கூடும்.

2. பிளானிங் தேவையா இல்லையா

வீட்டோடு ஒட்டிய கராஜ், வேலை உள்ளே மட்டும், கட்டடம் பெரிதாகவில்லை, மேலே சொன்ன நிபந்தனை எதுவும் இல்லை என்றால் பொதுவாக பிளானிங் விண்ணப்பம் வேண்டியதில்லை. கராஜ் கதவை எடுத்துவிட்டு யன்னலும் சுவரும் வைப்பதும் பெரும்பாலும் "பெர்மிட்டட் டெவலப்மென்ட்" என்ற பொது அனுமதிக்குள் அடங்கும். செங்கல் வீட்டின் மற்றச் செங்கலோடு ஒத்துப்போக வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று.

இந்தப் பொது அனுமதி எல்லோருக்கும் இல்லை:

- பிளாட், மெசனெட் (இரண்டு மாடி பிளாட்) ஆகியவற்றுக்குக் கிடையாது.
- "ஆர்டிகிள் 4" உத்தரவு உள்ள தெருக்களில் அது பறிக்கப்பட்டிருக்கலாம். பழைய தோற்றத்தைக் காக்கும் கன்சர்வேஷன் பகுதிகளில் இந்த உத்தரவு அதிகம்.
- லிஸ்டட் கட்டடம் (வரலாற்று மதிப்புக்காகப் பட்டியலில் சேர்த்துப் பாதுகாக்கப்படுவது) என்றால் உள்ளே செய்யும் வேலைக்கும் தனி அனுமதி வேண்டும். அதை எடுக்காமல் செய்வது குற்றம்.

தோட்டத்தில் தனியாக நிற்கும் கராஜ் கொஞ்சம் சிக்கல். உடற்பயிற்சி அறையோ படிக்கும் அறையோ என்றால் அதிகம் கேள்வி வராது. படுக்கை, குளியலறை, சமையல் மேடை என்று வைக்கத் தொடங்கினால் கவுன்சில் அதைத் தனி வீடாகப் பார்க்கத் தொடங்கும். தனி வீடாக ஆக்குவதற்கு முழு பிளானிங் பெர்மிஷன் வேண்டும். வாடகைக்கு விடும் எண்ணத்தில் இதைச் செய்பவர்கள் தயவுசெய்து நின்று யோசியுங்கள். லண்டனில் பல கவுன்சில்கள் இப்படிப்பட்ட வாடகை அறைகளைத் தேடிப் பிடிக்கின்றன. வாடகைக்கு வருபவரும் பெரும்பாலும் ஊரிலிருந்து புதிதாக வந்த நம் பிள்ளைகள்தான். ஈரமும் குளிரும் உள்ள, தீப்பிடித்தால் வெளியேற வழியில்லாத அறையில் ஒருவரைப் படுக்க வைப்பது சரியில்லை.

இன்னொரு பொறி கராஜுக்கு வெளியே இருக்கிறது. கார் நிறுத்த முன்தோட்டத்தைக் கொங்கிரீட் போட்டு மூடுவோம். தண்ணீர் கீழே இறங்காத தரை 5 சதுர மீட்டருக்கு மேல் போனால், மழைநீரை உங்கள் காணிக்குள்ளேயே உறிஞ்சும் இடத்துக்கு வழிவிட்டிருக்க வேண்டும். அல்லது அதற்கும் பிளானிங் எடுக்க வேண்டும். நீர் ஊறும் கற்களைப் பதித்தால் இந்தக் கேள்வியே எழாது.

3. தேவையில்லை என்றாலும் ஒரு சான்றிதழ் எடுங்கள்

கட்டாயமில்லை. ஆனால் என் அபிப்பிராயத்தில் கொடுக்கிற காசுக்கு மிகப் பெறுமதியான கடதாசி இது. பெயர் "லோஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட்". இந்த வேலைக்கு பிளானிங் தேவையில்லை என்று கவுன்சிலே எழுதித் தருவது. நாளைக்கு வீட்டை வாங்க வருபவரின் சொலிசிட்டர் கேட்டால் இதை நீட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம்.

கட்டணம், வழக்கமான வீட்டுக்காரர் விண்ணப்பக் கட்டணத்தில் பாதி. 2025 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 528 பவுண்டாக ஆனது, ஆகவே சான்றிதழுக்கு 264. ஒவ்வொரு ஏப்ரலும் விலைவாசியோடு சேர்ந்து கட்டணம் ஏறுகிறது. எனவே விண்ணப்பம் போடும் நாளில், அதைப் போடும் இணையத்தளமான பிளானிங் போர்ட்டலில் உள்ள தொகையைப் பாருங்கள். போர்ட்டல் தனக்கென்று ஒரு சேவைக் கட்டணமும் எடுக்கும்.

கவுன்சில் ஊழியர் தொலைபேசியில் "தேவையில்லை" என்று சொன்னதை நம்பி வேலை தொடங்காதீர்கள். வாய்ச் சொல் பின்னர் எதற்கும் உதவாது.

4. பிளானிங் விண்ணப்பம் போட வேண்டி வந்தால்

தேவையான கடதாசிகள்:

- இருப்பிட வரைபடம், 1:1250 அளவில், உங்கள் காணியைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டது. கூகுள் வரைபடத்தைப் படம் பிடித்து அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உரிமம் பெற்ற வரைபடத்தைப் போர்ட்டல் வழியாகவே வாங்கலாம்.
- காணி வரைபடம், 1:500 அல்லது 1:200.
- இப்போதுள்ள தோற்றமும் மாறப்போகும் தோற்றமும், 1:50 அல்லது 1:100 அளவில்: தரைப்படமும் வெளிச்சுவர்ப் படங்களும்.
- நீங்கள்தான் சொந்தக்காரர் என்ற உறுதிமொழிப் பகுதி. வீடு துணைவருடன் கூட்டுப் பெயரில் இருந்தால் அதற்கேற்ற பிரிவை நிரப்புங்கள்.

கராஜ் விண்ணப்பங்களை மறுக்க கவுன்சில்கள் அதிகம் சொல்லும் காரணம் கார் நிறுத்துமிடம் குறைகிறது என்பது. அதை விண்ணப்பத்திலேயே எதிர்கொள்ளுங்கள். ஒரு காருக்குக் குறைந்தது 2.4 மீட்டருக்கு 4.8 மீட்டர் என்று முன்தோட்டத்தில் கட்டம் வரைந்து காட்டுங்கள். சில கவுன்சில்கள் இதைவிடக் கூடக் கேட்கும். அவர்களின் பார்க்கிங் விதியைத் தேடி வாசித்துவிட்டு வரையுங்கள்.

முடிவு வர 8 வாரம் என்பது கணக்கு. நீங்கள் அனுப்பிய நாளிலிருந்து அல்ல, எல்லாம் சரியென்று கவுன்சில் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. ஒரு படம் குறைந்தாலும் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்காது. மறுத்துவிட்டால் 12 வாரத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம். முன்பெல்லாம் மறுத்த விண்ணப்பத்தைத் திருத்தி ஒருமுறை இலவசமாகப் போட முடிந்தது. 2023 டிசம்பரோடு அது நின்றுவிட்டது. "ஒருக்கால் போட்டுப் பார்ப்போம், மறுத்தால் சும்மா திரும்பப் போடலாம்" என்று இன்னும் சொல்லும் பிளான் வரைபவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நம்ப வேண்டாம்.

5. பக்கத்து வீட்டுச் சுவர்

கராஜின் ஒரு சுவர் அயலவருக்கும் பொதுவானது என்றால் பார்ட்டி வால் சட்டம், 1996, குறுக்கே வரும். அந்தச் சுவரை வெட்டி பீம் செருகுவதற்கு 2 மாதம் முன்பு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர்கள் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள், அவர்கள் அத்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுவதற்கு 1 மாதம் முன்பு. 14 நாளுக்குள் எழுத்தில் சம்மதம் வராவிட்டால் தகராறு என்று கணக்கு. அப்போது சர்வேயர் வைக்க வேண்டும், அந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில். நோட்டீசைத் தபாலில் போடுவதற்கு முன் ஒருநாள் நேரில் போய்ப் படத்தைக் காட்டிப் பேசுங்கள். உள்ளே பலகைச் சட்டம் அடிக்க ஆணி, திருகு போடுவதற்கெல்லாம் இந்த நோட்டீஸ் தேவையில்லை.

6. பில்டிங் கன்ட்ரோலுக்கு எப்படிப் போவது

பில்டிங் ரெகுலேஷன்ஸ்படி வேலை நடக்கிறதா என்று பார்ப்பது பில்டிங் கன்ட்ரோல். அதற்குக் கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோல் பிரிவிடம் போகலாம், அல்லது பதிவு பெற்ற தனியார் பில்டிங் கன்ட்ரோல் நிறுவனத்தை வைக்கலாம். கவுன்சில் வழியில் இரண்டு கதவு.

முழுப் பிளான் முறை: வேலைக்கு முன் விரிவான படங்களைக் கொடுக்கிறீர்கள், 5 வாரத்துக்குள் பதில் வரும், நீங்கள் சம்மதித்தால் 2 மாதம்வரை நீளலாம். சரி பார்த்த பிளான் கையில் இருப்பதால் பில்டரிடம் "இதன்படி செய்" என்று சொல்ல முடியும்.

பில்டிங் நோட்டீஸ் முறை: படம் அதிகம் வேண்டாம், அறிவித்து 2 நாளில் தொடங்கலாம். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துப் பார்த்துச் சொல்வார். பில்டர்களுக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் பாதியில் "இது போதாது, உடை" என்றால் உடைப்பது உங்கள் காசில்.

கட்டட வேலையில் பழக்கமில்லாதவர் என்றால் முழுப் பிளான் முறையையே எடுங்கள். மொத்தக் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் வராது, விலைக்கூறு கேட்பதற்கும் அந்தப் படங்களே உதவும். கட்டணத்தைக் கவுன்சிலுக்குக் கவுன்சில் தாங்களே வைக்கிறார்கள், சில நூறு பவுண்டு வரும்.

பில்டர் "நானே பில்டிங் கன்ட்ரோலுக்கு அறிவிப்பேன்" என்றால், அறிவித்ததற்கான எண்ணை எழுதி வாங்கி, நீங்களே தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யுங்கள். எங்கள் விஷயத்தில் வேலைக்கு வந்த ஒருவர் அறிவித்துவிட்டதாக அடித்துச் சொன்னார். கேட்டபோது அப்படியொரு பதிவே இல்லை.

7. இன்ஸ்பெக்டர் எதையெல்லாம் பார்ப்பார்

கதவுக்குக் கீழே உள்ள அத்திவாரம். கராஜ் கதவு இருந்த இடத்தில் புதுச் சுவர் எழும்பப் போகிறது. அந்த இடைவெளிக்குக் கீழே பல வீடுகளில் அத்திவாரமே இருக்காது, கொங்கிரீட் தளம் மட்டும்தான். ஒரு குழி தோண்டிக் காட்டச் சொல்வார். இல்லையென்றால் புதிதாகத் தோண்டிப் போட வேண்டும், அல்லது இரு பக்க அத்திவாரத்தின் மேல் தாங்கும்படி கீழே லிண்டல் (சுவரைத் தாங்கும் சட்டம்) வைக்கலாம். மலிவான விலைக்கூறுகளில் விடுபடுவது இதுதான். "கதவு இடத்து அத்திவாரம் இந்த விலையில் சேர்த்தியா?" என்று முதல் நாளே கேளுங்கள். தோண்டும் இடத்திலிருந்து 3 மீட்டருக்குள் பொதுக் கழிவுநீர்க் குழாய் போனால் தண்ணீர் நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும்.

தரை. கராஜ் தரை வீட்டுத் தரையைவிடக் குறைந்தது 100 மி.மீ. பள்ளத்தில் இருப்பது வழக்கம், பெட்ரோல் சிந்தினால் வீட்டுக்குள் வராமலிருக்க. அந்தப் பள்ளம் உங்களுக்கு நல்லது. ஈரம் தடுக்கும் தாள், அதன் மேல் இன்சுலேஷன், அதன் மேல் பலகையோ ஸ்கிரீடோ (சிமெந்துப் பூச்சு) போட்டால் வீட்டுத் தரையோடு சமமாகிவிடும். ஈரத் தாள் சுவரிலுள்ள ஈரத் தடுப்போடு இணைய வேண்டும். வீட்டின் மரத்தரைக்குக் காற்றுப் போகும் துளைச் செங்கல் கராஜுக்குள் திறந்திருந்தால் அதை மூடிவிடக் கூடாது. குழாய் வைத்து வெளியே கொண்டுபோக வேண்டும். மூடினால் சில வருடத்தில் பக்கத்து அறையின் மரத்தரை உக்கத் தொடங்கும்.

சுவரும் கூரையும். பல கராஜ்களின் சுவர் ஒற்றைச் செங்கல், சுமார் 100 மி.மீ. உள்ளே சட்டம் அடித்து இன்சுலேஷனும் பிளாஸ்டர்போர்டும் போட வேண்டும். ஒவ்வொரு சுவர்ப் பக்கமும் நான்கைந்து அங்குலம் போய்விடும், கட்டில் அளவைப் பார்க்கும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள். வெப்பம் வெளியேறும் அளவை யூ மதிப்பு என்பார்கள், குறைவாக இருந்தால் நல்லது. பழைய சுவரைத் திருத்தினால் 0.30, தரை 0.25, கூரை 0.16. கதவிருந்த இடத்தில் எழும்பும் புதுச் சுவருக்கு 0.18. யன்னலுக்கு 1.4. எந்தப் பொருள், எத்தனை மி.மீ. தடிப்பு என்று விலைக்கூறில் எழுதச் சொல்லுங்கள். கூரை நெளிவுத் தகடாக இருந்து வீடு 2000க்கு முந்தியதென்றால் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் யாரையும் உடைக்க விடாதீர்கள்.

தீ. புது அறையிலிருந்து நேரே ஹாலுக்கும் வாசலுக்கும் போக முடியாமல், சமையலறை போன்ற இன்னொரு அறைக்குள்ளால்தான் போக வேண்டும் என்றால், தப்பிக்கும் யன்னல் கட்டாயம். திறக்கும் பரப்பு 0.33 சதுர மீட்டர், அகலமும் உயரமும் 450 மி.மீ.க்குக் குறையக் கூடாது, அடி விளிம்பு தரையிலிருந்து 1100 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. 450க்கு 450 யன்னல் வைத்தால் பரப்பு 0.20தான் வரும், ஆகவே ஒரு பக்கம் பெரிதாக வேண்டும். யன்னலை ஆர்டர் பண்ண முன் இதைக் கணக்குப் பாருங்கள். வீட்டு மின்சாரத்தில் ஓடும், ஒன்றோடொன்று இணைந்த புகை அலாரமும் கேட்பார். முன்பகுதியைச் சிறு கராஜாக விட்டுப் பின்பகுதியை மட்டும் அறையாக்கினால், நடுச் சுவரும் கதவும் 30 நிமிடம் தீயைத் தாங்க வேண்டும், கதவு தானாக மூட வேண்டும்.

காற்று. யன்னல் நன்றாக அகலத் திறந்தால், திறக்கும் பரப்பு அறையின் தரைப் பரப்பில் 20இல் 1 பங்கு போதும். கொஞ்சமாகத்தான் திறக்குமென்றால் 10இல் 1 பங்கு. யன்னல் மேல் சட்டத்தில் காற்றுத் துளையும் வேண்டும். குளியலறை வைத்தால் எக்ஸ்ட்ராக்டர் ஃபேன்.

மின்சாரமும் காஸும். புது சர்க்கிட் இழுத்தால் நைசெயிக், நாபிட் போன்ற அமைப்பில் பதிவான எலெக்ட்ரீஷியனை வையுங்கள், அவரே சான்றிதழ் தருவார். பாய்லரையோ காஸ் மீட்டரையோ நகர்த்தினால் காஸ் சேஃப் பதிவு உள்ளவர். பழைய யன்னலை மாற்றினால் ஃபென்சா சான்றிதழ்.

இன்ஸ்பெக்டர் பார்க்க முன் எதையும் மூட விடாதீர்கள். அத்திவாரக் குழி, ஈரத் தாள், இன்சுலேஷன் மூன்றும் கட்டாயம் திறந்த நிலையில் பார்க்கப்பட வேண்டியவை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவசரமாகப் பிளாஸ்டர்போர்ட் அடிக்கும் பில்டரிடம் "இன்ஸ்பெக்டர் வந்தாரா?" என்று கேளுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் அளவுநாடா தெரியும்படி படமெடுத்து வையுங்கள்.

8. பணமும் காலமும்

ஒற்றைக் கராஜுக்கு நான் கேட்டுப் பார்த்த அளவில் 15,000 முதல் 25,000 பவுண்டுவரை சொல்கிறார்கள். அத்திவாரம், குளியலறை, பாய்லர் நகர்த்துவது வந்தால் கூடும். விலை சொல்லும்போது 20 வீத வாட் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்க மறக்காதீர்கள். இதற்கு மேல் 10 வீதம் கையில் ஒதுக்கி வையுங்கள்.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கடைசிப் பங்கை, வேலை முடிந்த நாளில் அல்ல, பில்டிங் கன்ட்ரோலின் முடிவுச் சான்றிதழ் வந்த பிறகு தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சான்றிதழ் வாங்கித் தருவதில் பில்டருக்கு அக்கறை வர இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கட்டுகிற வேலை சில வாரத்தில் முடியும். கடதாசிதான் மாதக் கணக்கு. சான்றிதழோ பிளானிங்கோ 8 வாரம், பில்டிங் கன்ட்ரோல் பிளான் 5 வாரம், பார்ட்டி வால் நோட்டீஸ் 2 மாதம். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் ஐந்து மாதம் ஓடிவிடும். 1ஆம் படியில் தடை எதுவும் கிடைக்கவில்லை என்றால் ஒரே நேரத்தில் போடுங்கள்.

9. முடிவுச் சான்றிதழ்

கடைசிப் பார்வைக்கு நீங்களே இன்ஸ்பெக்டரைக் கூப்பிட வேண்டும், அவர் தானாக வரமாட்டார். அறை பூச்சுப் பூசி, கட்டில் போட்டு, ஆள் படுத்துச் சில வருடமான பிறகும் பில்டிங் கன்ட்ரோல் கோப்பு மூடப்படாமல் கிடக்கும் வீடுகள் உண்டு. "கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட்" வந்ததும் எலெக்ட்ரிக், காஸ், யன்னல் சான்றிதழ்கள், சரி பார்த்த பிளான், படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். இன்சூரன்ஸுக்கு அறை எண்ணிக்கை மாறியதைச் சொல்லுங்கள்.

கவுன்சில் டாக்ஸ் உடனே ஏறுமா என்று பலர் கேட்கிறார்கள். சாதாரண அறையென்றால் வீடு விற்கப்படும்போதுதான் பேண்ட் திரும்பப் பார்க்கப்படும். தனிச் சமையலறையும் குளியலறையும் தனி வாசலும் வைத்தால் அதைத் தனியாகவே பேண்ட் போடக்கூடும்.

10. சான்றிதழ் இல்லாமல் மாற்றிய வீட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா?

பிளானிங் மீறலுக்கு இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 25 முதல் கவுன்சில் 10 வருடம்வரை நடவடிக்கை எடுக்கலாம். அதற்கு முன் முடிந்த கட்டட வேலைக்குப் பழைய 4 வருடக் கணக்கு பொருந்தும். ஆகவே வேலை முடிந்த நாளைக் காட்டும் பில், படம் எதுவானாலும் தேடி வையுங்கள். பில்டிங் ரெகுலேஷன்ஸ் மீறிய வேலையை மாற்றவோ உடைக்கவோ சொல்லும் நோட்டீசுக்கும் இப்போது 10 வருடம்.

பில்டிங் கன்ட்ரோல் விடுபட்டிருந்தால், முடிந்த வேலையைப் பின்னர் சரிபார்த்துத் தரும் "ரெகுலரைசேஷன்" சான்றிதழைக் கவுன்சிலிடம் கேட்கலாம். 1985 நவம்பர் 11க்குப் பின் நடந்த வேலைக்கு இது பொருந்தும். தனியார் நிறுவனங்கள் இதைத் தர முடியாது. வழமையான கட்டணத்தைவிடக் கூட, ஆனால் வாட் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சுவரையும் தரையையும் அங்கங்கே திறக்கச் சொல்வார்கள், குறை இருந்தால் திருத்த வேண்டும்.

விற்கப் போகிற அவசரத்தில் சொலிசிட்டர் "இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ்" என்று ஒன்றைச் சொல்வார். மலிவானது, ஆனால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் நட்டத்துக்கு மட்டும்தான். ஈரத்தையோ தீ ஆபத்தையோ அது சரிசெய்யாது. கவுன்சிலோடு ஏற்கெனவே இதைப் பற்றிப் பேசியிருந்தால் அந்த இன்சூரன்ஸ் பொதுவாகக் கிடைக்காது. எனவே எந்த வழி என்று சொலிசிட்டரோடு முடிவெடுக்க முன் கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுக்காதீர்கள். அந்த அறையில் யாராவது படுக்கிறார்கள் என்றால் இன்சூரன்ஸை விட்டுவிட்டு ரெகுலரைசேஷனுக்கே போங்கள். அது முடியும்வரை ஒரு புகை அலாரத்தை மாட்டி, யன்னல் முழுதாகத் திறக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.